கோடு போட்ட சட்டை

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாமல் மாஸ்டர் என்று பெயர் வாங்கியவள் அவள். சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்பார்கள். அந்தப் பட்டறையில் அதுவரை வெட்டு மேசையில் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அதனால் அவள் கத்தரிக்கோலை எடுத்த அன்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், தையல்காரர்கள் மாஸ்டரோடு ஓர் அம்மாவைச் சேர்த்து ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டு இருபது வருஷமாகப் பிரியவில்லை.

பதினேழு வயதில் பொத்தான் தைக்கத்தான் வந்தாள். கையை விடக் கண் வேகமாக வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தது பட்டறை முதலாளியம்மாள். வாசலில் ஓர் ஆள் நுழைந்தால் இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன்பே அளவைச் சொல்லிவிடுவாள். "உங்க வலது தோள் கொஞ்சம் இறக்கம். அந்தப் பக்கம் பை மாட்டற பழக்கமா?" என்று அவள் கேட்க, வந்தவர் பையைப் பார்ப்பார், தோளைப் பார்ப்பார், பிறகு அவளைக் கொஞ்சம் பயத்தோடு பார்ப்பார். முகங்கள் அவளுக்கு மறந்துபோகும். தோள்கள் மறக்காது.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு அடுக்கு வெள்ளைத் துணியில் கை பொருத்துகிற வளைவை வெட்டிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்கோல் பாதி வளைவில் நின்றது. துணி தடிப்பாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவளும் விழுந்தாள். பக்கத்து மிஷின்காரி அவள் வாய் ஒரு பக்கம் கோணுவதைப் பார்த்துக் கூச்சல் போட்டதால் மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. காலும் ஒரு மாதத்தில் வழிக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் திரும்பி வந்தது வாய்தான் என்று அவளுடைய நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, வேறு யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது.

முதலாளியம்மாள் வீட்டுக்கு வந்து பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. தற்காலிகமாக வேறு ஒருவரைப் போட்டிருப்பதாகவும், நர்ஸ் பள்ளிச் சீருடைக்கான பெரிய ஆர்டர் வரும்வரை மேசை மாஸ்டரம்மாவுடையதுதான் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

கைக்கு வைத்தியம் ஒரு விளையாட்டு என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிகிச்சை நிலையத்தின் இரண்டாவது மாடியில் ஒரு நீளமான அறை. ஆறு கணினி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒவ்வொரு திரையின் தலையிலும் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா. திரையில் குமிழிகள் மிதந்து வரும். கையை நீட்டி, குமிழி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், விரல்களை மடக்கினால் அது 'டொப்' என்று உடையும். எவ்வளவு தூரத்தில் உடைக்கிறோமோ அவ்வளவு புள்ளி. உள்ளே செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, அது ஆளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஏற்ற மாதிரி விளையாட்டை மாற்றிக்கொள்ளும் என்று பிசியோ பெண் விளக்கினாள். பன்னிரண்டு நோயாளிகளுக்கு அவள் ஒருத்திதான் பிசியோ. வீட்டில் ஆடவும் ஒரு கணினியை இரவல் கொடுத்தார்கள்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலி ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவருடையது. பக்கவாதம் அவருக்கு இடது கையையும் பார்வையில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவருக்காகவே குமிழிகளுக்கு ஒலி வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் குமிழியோ அந்தக் காதில் ஒலி கேட்கும். கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். கார்டு கண்ணை மூடிக்கொண்டு, ரயிலுக்குக் கொடி காட்டுகிற தோரணையில் கையை நீட்டுவார். சனிக்கிழமை தோறும் வாசிக்கப்படும் புள்ளிப் பட்டியலில் நாலு மாதமாக அவர்தான் முதலிடம்.

ஏழாவது வாரம் மாஸ்டரம்மா அவரைத் தாண்டினாள். பத்தாவது வாரம் தொள்ளாயிரத்து நாற்பது புள்ளி. கார்டு அறுநூற்றுப் பத்து.

"கண்ணு தெரியாத மனுஷனை ஜெயிக்கறது ஒரு ஜெயிப்பா?" என்றார் கார்டு.

"நாலு மாசமா கண்ணு தெரியறவங்களை எல்லாம் நீங்க ஜெயிச்சீங்களே, அது என்னவாம்?"

கார்டு சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்து, "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மாஸ்டரம்மா. நீங்க ஒவ்வொரு குமிழி உடைக்கறப்பவும் உங்க நாற்காலி முனகுது. என் நாற்காலி முனகறதே இல்ல" என்றார்.

வயிற்றெரிச்சல் என்று அவள் நினைத்தாள். நாற்காலி பழசு என்று சொல்லிவைத்தாள்.

வீட்டில் நாத்தனார் இந்தத் தொள்ளாயிரத்து நாற்பதை மாடிப்படியில் ஏறுகிற இறங்குகிற எல்லாரிடமும் சொல்லிமுடித்திருந்தாள். லாரி ஓட்டுகிற தன் அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவர் எந்தச் சாலை ஓரத்திலோ வண்டியை நிறுத்திவிட்டு, கை வந்துவிட்டதா என்று கேட்டார். வந்தே வந்துவிட்டது என்றாள் நாத்தனார். மாஸ்டரம்மா மறுக்கவில்லை. பல் தேய்க்கும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் இன்னும் இடது கைதான் எல்லாம் செய்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கணினி பொய் சொல்லுமா? அது தினமும் அளக்கிறது. அளந்து சொல்வதை நம்பித்தான் அவள் பிழைத்திருக்கிறாள்.

நர்ஸ் பள்ளி ஆர்டர் உறுதியாகிவிட்டது, துணி இன்னும் ஆறு வாரத்தில் வரும் என்று முதலாளியம்மாளிடமிருந்து செய்தி வந்தது. மறுநாளே அவள் பட்டறைக்குப் போனாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியம்மாள் நீலத்துணியை எட்டு அடுக்காக விரித்து, வளைவை வரைந்து, அவளுடைய பழைய கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். அவள் விரல்களை வளையத்துக்குள் விட்டாள். கை நீண்டது, துணி வரை போனது. மடக்கப் பார்த்தால் விரல்கள் மடங்கவில்லை. மேல் அடுக்கு மட்டும் வாயில் அகப்பட்டுக் கசங்கியது. எட்டை நாலாக்கி, நாலை இரண்டாக்கினார்கள். இரண்டு அடுக்கைக்கூட வெட்ட முடியவில்லை. எலி கடித்த மாதிரி ஒரு விளிம்புதான் மிச்சம்.

தையல்காரர்கள் குனிந்து அவரவர் மிஷினையே பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை. மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு முதலாளியம்மாள் அவளைப் படிவரை கொண்டுவந்து விட்டார்.

"துணி வந்த அன்னிக்கு வாங்க, மாஸ்டர். அன்னிக்கும் இப்படித்தான்னா, இப்ப இருக்கறவரையே நான் நிரந்தரமா வெச்சுக்கணும். என் நிலைமை உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றாள். ஆறு வாரம் இருக்கிறதே என்றும் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தொள்ளாயிரத்து நாற்பது புள்ளி எடுத்த கை, இரண்டு அடுக்கை வெட்டவில்லை. அளவு சரியாக இருந்து சட்டை பொருந்தவில்லை என்றால், அளவு எடுத்த விதத்தில்தான் கோளாறு. இருபது வருஷத்தில் இதற்கு விதிவிலக்கு அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் கார்டு சொன்ன நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் நாத்தனாரிடம் போனைக் கொடுத்து, பின்னால் நின்று தான் ஆடுவதைப் படம் பிடிக்கச் சொன்னாள். அன்று அவள் போட்டிருந்தது கணவருடைய பழைய சட்டை. ரவிக்கைக் கொக்கிகளோடு மல்லுக்கட்ட முடியாததால் வீட்டில் எப்போதும் அதுதான். வெள்ளையில் நேர் நேராக நீலக்கோடு போட்ட சட்டை.

ஆடி முடித்து, போனை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். குமிழிகளைப் பார்க்கவில்லை, புள்ளியையும் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். குமிழி வருவதற்கு முன்னால் கோடுகள் தூக்குநூல் விட்டதுபோல நேராக இருந்தன. குமிழி வந்ததும் மொத்தக் கோடும் வலது பக்கம் சரிந்தது. தோள் காதருகே ஏறியது. கழுத்துப் பக்கம் துணி மடிப்பு விழுந்தது. நாற்காலி முனகியது. கை நீளவே இல்லை. உடம்புதான் சாய்ந்து கையைக் கொண்டுபோய்க் குமிழியிடம் கொடுத்திருக்கிறது. வெட்டு மேசையின் மறுகோடியை எட்டுவதற்கு இருபது வருஷமாக அவள் சாய்ந்த அதே சாய்வு.

எதிரே வாடிக்கையாளராக நின்றிருந்தால், வலது தோளை ஒன்றரை இஞ்ச் ஏற்றி வெட்ட வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். ஊரார் தோளை எல்லாம் படித்தவள் தன் தோளைப் பத்து வாரமாகப் பார்க்கவில்லை.

இஞ்ச் டேப்பைக் கொண்டுவரச் சொன்னாள். குமிழி உடையும் அந்த நொடியில் அப்படியே கையை நிறுத்திக்கொள்வாள். நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாத்தனார் அளக்க வேண்டும். இரண்டே கால் இஞ்ச். மறுபடி, இரண்டே கால். முதல் வாரத்தில் விரல் உள்ளங்கையைத் தொட்டால்தான் குமிழி உடையும் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது பத்துக்கு ஒன்று உடைப்பதே பெரும்பாடு. இந்த மிஷின் எப்போது இவ்வளவு தாராளமானது?

சீருடை பெல்ட் துணியில் ஒரு நீளத்தை எடுத்து, தன்னை நாற்காலியோடு சேர்த்து இறுக்கிக் கட்டச் சொன்னாள். நாத்தனார் கட்டினாள். ஆடினாள். நூற்றுப் பத்து. இன்னொரு ஆட்டம். எழுபது.

"விளையாட்டே சரியில்ல" என்றாள் மாஸ்டரம்மா.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஆடி ஜெயிச்சுட்டு கூடம் கோணல்ங்கறீங்களே அண்ணி. இதை எந்தக் கணக்குல சேக்கறது?"

"நானும் கோணல்தான், அதையும் சேத்துக்கோ. முடிச்சை அவுக்காத. இன்னொரு தடவை ஆடறேன்."

புதன்கிழமை போனையும் டேப்பையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். விளையாட்டை உருவாக்கியவரும் அன்று வந்திருந்தார். சனிக்கிழமை ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆட்கள் இந்த விளையாட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஆட வைக்க முதலிடத்துக்காரியான இவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதனால் அவள் சொன்னதை முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ள விரும்பவில்லை. எண்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார் விளையாட்டுக்காரர். பட்டறையில் ஒரு தடவை தோற்றதில் மனம் உடைந்திருக்கலாம் என்று பிசியோ பெண் ஆறுதல் சொன்னாள்.

மாஸ்டரம்மா போனை அவர்கள் முன்னால் வைத்தாள்.

"என் முகத்தைப் பாக்காதீங்க. சட்டைக் கோட்டைப் பாருங்க."

இரண்டு தடவை பார்த்தார்கள். மூன்றாவது தடவை விளையாட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கேமரா மணிக்கட்டையும் விரல்களையும் மட்டும்தான் கவனிக்கிறது, தோளை அது பார்ப்பதே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு டேப்பில் அவள் காட்டிய இரண்டே கால் இஞ்சைப் பார்த்தார். கணினிக்கு அவர் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று: ஆடுகிறவர் பத்துக்கு ஏழு குமிழி உடைக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஜெயித்தால் சலித்துப்போகும், எல்லாவற்றிலும் தோற்றால் மனம் விட்டுப்போகும் என்பதற்காக அந்த ஏழு. இவள் சாய்ந்து சாய்ந்து தூரத்தை எட்டிவிட்டாள், விரல்தான் மடங்கவில்லை. ஏழு கணக்கு தப்பக்கூடாதே என்று, கணினி தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துவிட்டது. அரை மடக்கல் போதும், பிறகு கால் மடக்கல் போதும். கத்தரிக்கோலுக்கு வேண்டியதோ அந்த மடக்கல் மட்டும்தான்.

பிசியோ பெண் போனை எடுத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். சாயாதீர்கள் என்று எல்லாரிடமும் தினமும் சொல்கிறவள் அவள். "நான் பட்டியலைத்தான் பாத்திட்டிருந்தேன் அக்கா. உங்களைப் பாக்கல" என்றாள் கடைசியில்.

"நானும்தான் பாக்கல" என்றாள் மாஸ்டரம்மா. "என் புள்ளியை எல்லாம் அழிச்சுடுங்க. தோள் சாய்ஞ்சா குமிழி உடையக்கூடாது. விரல் தொடணும். தூரம் கிட்டவே இருந்தாலும் பரவால்ல."

அப்படிச் செய்தால் நாள்கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்பாள் என்று விளையாட்டுக்காரர் எச்சரித்தார். பத்து வாரமாக ஜெயித்துத்தானே பட்டறையில் தலைகுனிந்து நின்றேன் என்று அவள் சொன்ன பிறகு அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதுவரை பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்த கார்டு தொண்டையைக் கனைத்தார். தோள் சாய்ந்தால் திரையில் ஏதோ சிவப்பாகக் காட்டப்போகிறார்களாம். அது தனக்கு எப்படித் தெரியும், தன் காதுக்கும் ஏதாவது வேண்டாமா என்று கேட்டார். மணி ஒலி, கூவல், ஊதல் என்று விளையாட்டுக்காரர் எதையெதையோ போட்டுக் காட்டினார். கார்டுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மாஸ்டரம்மாவின் நாற்காலி முனகலையே பதிவு செய்து வைக்கச் சொன்னார். சாய்ந்தவர்களுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது என்றார். வேடிக்கைக்குச் சொன்னது உண்மையாகவே நடந்தது. அன்று சாயங்காலம் அவள் வேண்டுமென்றே பத்து தடவை சாய்ந்து கொடுக்க, நாற்காலி முனகி முனகிக் கணினிக்குள் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் முன்னால் அவள் பெல்ட் கட்டிக்கொண்டு ஆடினாள். வேண்டுமானால் கார்டை ஆடச் சொல்லலாம் என்று பிசியோ பெண் சொல்லிப் பார்த்தாள், இவள் எழுந்திருக்கவில்லை. அறுபது புள்ளி. கணினி பதினான்கு தடவை முனகியது. பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. வந்தவர்களில் ஒருவர், இது முன்னேற்றமா என்று கேட்டார். இன்றைக்குத்தான் சரியாக அளவெடுக்க ஆரம்பித்திருக்கிறோம் என்று அவளே பதில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு வந்த வாரங்களில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் நாற்பது நிமிஷம், மத்தியானம் நாற்பது, விளக்கு வைப்பதற்கு முன்னால் இன்னொரு நாற்பது. குமிழிகள் முழங்கைக்குப் பக்கத்திலேயே மிதந்தன. குழந்தைக்கு வைத்த விளையாட்டு மாதிரி இருந்தது. அவற்றையும் உடைக்க முடியாத நாள்கள் இருந்தன. ஒருநாள் டேப்பை எறிந்துவிட்டாள். நாத்தனார் பேசாமல் எடுத்துச் சுருட்டி மேசையில் வைத்தாள். வாயைத் திறக்காமல் நாத்தனார் ஒரு காரியம் செய்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பயந்துபோய் மாஸ்டரம்மா மறுபடி ஆட உட்கார்ந்தாள். காலண்டர் ஓரத்தில் இடது கையால் இஞ்ச் எழுதிவந்தாள். இரண்டே கால். இரண்டு. ஒன்பது நாள் இரண்டிலேயே நின்றது. பிறகு ஒன்றரை. முக்கால். ஐந்தாவது வாரக் கடைசியில் நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டது. தொட்டதை நம்பாமல் நாத்தனார் நடுவில் ஒரு நூலை வைத்து இழுத்துப் பார்த்தாள். நூல் வரவில்லை.

துணி வந்த அன்று காலை அவள் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மேசையில் எட்டு அடுக்கு நீலம் விரித்திருந்தது. தற்காலிக மாஸ்டர் ஒதுங்கி நின்றார். முதலாளியம்மாள் கத்தரிக்கோலை எடுத்து வைத்தார்.

அவள் மேலே இருந்த நாலு அடுக்கைப் பிரித்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மிச்சம் நாலைக் கைகளால் நீவி, எடைக்கல் வைத்து, விரல்களை வளையத்துக்குள் விட்டாள். மேசை விளிம்பை விட்டு ஓர் அடி கூடத் தள்ளி நிற்கவில்லை. மறுகோடிக்குச் சாயவும் இல்லை. அங்கே எட்ட வேண்டியபோது மேசையைச் சுற்றி நடந்து போனாள். முதல் மடக்கலில் நாலு அடுக்கும் சேர்ந்து அறுபடும் ஓசை கேட்டது. அந்த ஓசையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைப்பதற்குள் இரண்டாவது மடக்கல் வந்தது.

பாதி வளைவில் கை தயங்கியது. முன்பு நின்றுபோனதும் அதே இடம்தான். தோள் மெல்லக் காதை நோக்கி ஏறப் பார்த்தது. எங்கும் நாற்காலி இல்லை, ஆனாலும் அவள் காதில் முனகல் கேட்டது. நின்றாள். தோளை இறக்கினாள். சட்டைக் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். விரல்களை முழுக்கத் திறந்து, முழுக்க மடக்கினாள். மிச்ச வளைவு வந்துவிட்டது.

முதலாளியம்மாள் வெட்டிய விளிம்பின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் லேசான பிசிறு. அங்கே விரல் நின்றது, பிறகு நகர்ந்தது.

"மீதி நாலு?"

"அதையும் நான்தான் வெட்டுவேன். எட்டை ரெண்டு தடவையா வெட்டறேன். மதியத்துக்கு மேல கை ஓய்ஞ்சுடும், அப்ப அவர் வெட்டட்டும். வரையறது மட்டும் முழுக்க நான்."

முதலாளியம்மாள் தற்காலிக மாஸ்டரைப் பார்த்தார். ஆர்டரின் அளவைப் பார்த்தார். பிறகு மேசையின் வலது மூலையில் இருந்த துணியில் வரைகிற சாக்கட்டிப் பெட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இடது மூலையில வெச்சுடுங்க மேடம்" என்றாள் மாஸ்டரம்மா. "வலது கை வேலையா இருக்கு."

மீதி நாலு அடுக்கை இழுத்துப் போட்டு நீவ ஆரம்பித்தாள். பக்கத்து மிஷின் ஓடத் தொடங்கியது.